காற்றில்லாத டயர்: பஞ்சர் தீரும், மண் தாங்குமா?

கைபேசி வைத்திருக்கிற யாரும் அந்தக் காணொளியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். ஒரு கார் ஆணிப் பலகை மேல் ஏறி இறங்கிப் போகிறது. டயருக்குப் பக்கச் சுவரே இல்லை. உள்ளே விசிறி மாதிரி வளைந்த பட்டைகள், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. டியூப் கிடையாது, வால்வு கிடையாது, காற்றே கிடையாது. "இனிமே பஞ்சர்ங்கிற பேச்சே இல்லையாம், நம்ம பிக்கப்புக்கு எப்ப வரும்?" என்று எங்கள் அரவேணுப் பக்கம் தேயிலை ஏற்றுகிற தம்பிகள் கேட்கிறார்கள். சமவெளி நண்பர்கள் டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் கேட்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கில் அமுங்கிக் கிடந்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும், விலை விழும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பூண்டும் உருளையும் ஏற்றுகிறவர்களுக்கும் நேரம்தான் காசு. வடகிழக்குப் பருவமழையில் குஞ்சப்பனைப் பக்கம் கல்லும் மண்ணும் சரிந்து கிடக்கிற பாதையில், இருட்டில், பாரத்தோடு டயர் போனால் என்ன பாடு என்று மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நாம் இயற்கை உழவர்கள். எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகியவர்கள். வேலை செய்யுமா? மண்ணுக்கு என்ன செய்யும்? நம்மை யாரிடம் கட்டிப்போடும்? டயருக்கும் அதையே கேட்போம்.

காற்று என்ன வேலை செய்கிறது?

டயருக்குள் காற்றை அடைத்துப் பார்த்த முதல் ஆள் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-லேயே காப்புரிமை வாங்கினார். அப்போது அது எடுபடவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக ஜான் பாய்ட் டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்தார். டன்லப் யார் தெரியுமா? கால்நடை மருத்துவர். உலகம் இன்றைக்கு ஓடுகிற டயரின் மூலம் ஒரு மாட்டு டாக்டர்!

காற்று டயரின் சூட்சுமம் எளிமையானது. வண்டியின் பாரத்தை அடைபட்ட காற்று தாங்குகிறது. டயர் தரையில் படுகிற இடத்தில் சப்பையாகிறது. எவ்வளவு சப்பையாகும் என்பதைக் காற்றின் அழுத்தமும் பாரமும் தீர்மானிக்கின்றன. ஒரு பிக்கப்பின் பின் சக்கரம் 500 கிலோ தாங்குகிறது, காற்று 35 பி.எஸ்.ஐ. என்று வையுங்கள். 35 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. 500-ஐ இரண்டரையால் வகுத்தால் 200 சதுர சென்டிமீட்டர். இரண்டு உள்ளங்கை அகலம். மலை இறக்கத்தில் வண்டியும் சுமையும் உங்கள் உயிரும் இப்படி நாலு இடத்தில், சக்கரத்துக்கு இரண்டு உள்ளங்கை இடத்தில்தான் நிற்கின்றன.

காற்றைக் குறைத்தால் அந்தத் தடம் அகலும், கூட்டினால் சுருங்கும். அதாவது டயர் தரையை அழுத்துகிற அழுத்தம், உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். இந்த ஒரு வரியை மனசில் வையுங்கள். மண் பற்றிப் பேசும்போது இதுதான் கைகொடுக்கும்.

காற்றுக்கு முன்னால்

காற்றில்லாத சக்கரம் புதுசு இல்லை. காற்றுள்ள சக்கரம்தான் புதுசு. நம்முடைய கட்டை வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, அதன்மேல் பழுக்கக் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. தச்சரும் கொல்லரும் ஊரிலேயே செய்தது, ஊரிலேயே பழுது பார்த்தது. பஞ்சர் ஆகாது. ஆனால் குலுக்கும், மாட்டுக்கு இழுவை அதிகம், தார் ரோட்டை அரைத்துவிடும். டயர் வண்டி வந்த பிறகு அதே மாடு கூடுதல் பாரம் இழுத்தது.

டிராக்டரும் அப்படித்தான். முதல் டிராக்டர்களுக்கெல்லாம் இரும்புச் சக்கரம்தான். 1932 வாக்கில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனமும் அல்லிஸ்-சால்மர்ஸ் டிராக்டர் நிறுவனமும் சேர்ந்து காற்று டயரை வயலுக்குக் கொண்டுவந்தன. 'சேற்றில் வழுக்கும், குத்திக்கொண்டு போகும்' என்ற பயத்தைப் போக்க அந்த டிராக்டரைப் பந்தயம் ஓட்டியே காட்டினார்கள். சில வருடங்களிலேயே இரும்புச் சக்கரம் ஓரங்கட்டப்பட்டது.

முழுசாகப் போகவில்லை. நெல் வயலில் சேறடிக்க இன்றும் கேஜ் வீல் மாட்டுகிறோமே, அது காற்றில்லாச் சக்கரம்தானே! சேற்றில் மிதக்க அது சரி. அதே கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் போச்சு, வண்டியும் போச்சு. ஒரு சக்கரம் எல்லா இடத்துக்கும் ஆகாது என்று நம் வயலே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

மூன்று வகை

'ஏர்லெஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, உள்ளே முழுக்க ரப்பரே அடைத்த திட டயர். துறைமுகத்திலும் கிடங்கிலும் ஓடுகிற போர்க்லிஃப்ட் வண்டிகளில் இருப்பது. இதைச் செய்து ஏற்றுமதி செய்வதில் உலக அளவில் முன்னணியில் நிற்பது பக்கத்து இலங்கை. ரப்பர் தோட்டம் அங்கேயே, ஆலையும் அங்கேயே. அங்கே ஓடிக்கொண்டிருந்த காம்சோ நிறுவனத்தின் இரண்டு ஆலைகளை மிச்செலினிடமிருந்து வாங்க நம் நாட்டு சியட் நிறுவனம் 2024 டிசம்பரில் ஒப்பந்தம் அறிவித்தது. திட டயர் உழைக்கும், குத்தாது. ஆனால் கனம் அதிகம், குலுக்கல் அதிகம், வேகம் கூடினால் உள்ளே சூடேறும். ரப்பர் மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு பிறக்கிறது. தடித்த ரப்பரில் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. அதனால்தான் அது மெதுவாக ஊர்கிற வண்டிகளோடு நின்றுவிட்டது.

இரண்டாவது வகை, சாதா டயருக்குள் காற்றுக்குப் பதில் நுரை போன்ற பொருளை நிரப்பியது. தள்ளுவண்டி, சில கட்டுமான இயந்திரங்கள், வாடகை சைக்கிள் ஆகியவற்றில் பார்க்கலாம். நுரை ரப்பரால் அச்சில் வார்த்த சின்னச் சக்கரங்களும் இந்தக் கூட்டம்தான்.

மூன்றாவது வகைதான் காணொளியில் வருவது. வெளியே தரையில் படுகிற ரப்பர் வளையம், அதற்கடியில் வளையக்கூடிய உறுதியான ஒரு பட்டை, உள்ளே வளைகிற ஆரக்கால்கள். இதன் வேலைமுறை நம் கட்டை வண்டிக்கு நேர் எதிர். கட்டை வண்டியில் பாரம் கீழே இருக்கிற ஆரக்காலின் மேல் நிற்கிறது. இதில் அப்படி இல்லை. கீழே இருக்கிற ஆரக்கால்கள் மடங்கிக்கொடுக்கின்றன. பாரம் முழுக்க மேல் பக்கத்து ஆரக்கால்களில் தொங்குகிறது. தொட்டிலைக் கயிற்றில் தொங்கவிடுகிற மாதிரி. உறுதியான வெளிப்பட்டை அந்த இழுவையைத் தாங்கி வட்டம் கெடாமல் நிற்கிறது. கல் தட்டினால் அந்த இடத்துப் பட்டையும் ஆரக்காலும் மட்டும் உள்வாங்கி மறுபடி நிமிர்கின்றன.

ஐம்பது வருட முயற்சி

ரப்பரும் காற்றும் இல்லாமல் ஓடியே தீர வேண்டிய இடம் ஒன்று இருந்தது: நிலா. 1971-ல் அப்பல்லோ 15 கொண்டுபோன நிலா வண்டிக்கு, துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளைக் கூடை மாதிரி பின்னிச் சக்கரம் செய்தார்கள். நம் ஊர்க் கூடை முடைகிறவர் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். காற்று மண்டலமே இல்லாத, கொதிப்பும் உறைவும் மாறி மாறி வருகிற இடத்தில் அது ஓடியது.

பூமிக்கு வந்தால், பிரான்ஸ் நாட்டு மிச்செலின் 2005-ல் 'ட்வீல்' என்ற பெயரில் டயரும் சக்கரமும் ஒன்றான ஒரு சரக்கைக் காட்டியது. ஆரக்கால்கள் பாலியூரித்தேன். காரில் மாட்டி வேகமாக ஓட்டியபோது அதிர்வும் இரைச்சலும் சூடும் பெரிய பிரச்சினையாக நின்றன. அதனால் மெதுவான வேலைகளுக்குப் போனார்கள். 2014-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் இதற்கென்றே ஓர் ஆலை திறந்தார்கள். புல்வெட்டும் வண்டி, மண் அள்ளும் சின்ன லோடர், பண்ணைக்குள் ஓடும் சிறு வண்டி ஆகியவற்றுக்கு இன்று அது விற்பனையில் இருக்கிறது. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 2011-ல் தன்னுடைய காற்றில்லா டயரைக் காட்டியது. 2024-ல்தான் டோக்கியோ அருகே கொடைரா நகரத்துப் பொதுச் சாலையில், ஒரு சின்ன மின் வண்டியில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது.

நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் மிச்செலினின் 'அப்டிஸ்'. 2019-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அறிவித்தார்கள். இதில் ஆரக்கால்கள் கண்ணாடி இழை கலந்த பிசினாலும் ரப்பராலும் ஆனவை. 2024-க்குள் கார்களில் வரும் என்பது அன்றைய இலக்கு. 2023 ஜனவரியில் சிங்கப்பூரில் டி.எச்.எல். தபால் வேன்களில் மாட்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். 2024 கடந்துவிட்டது. இதை எழுதுகிறவரை, உங்கள் ஊர் டயர் கடையில் போய்க் கேட்டு வாங்கி மாட்டுகிற நிலைக்கு அது வரவில்லை.

நிறுவனம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது? உலகம் முழுக்க ஆண்டுக்கு 20 கோடி டயர்கள் ஆயுள் முடியும் முன்பே பஞ்சர், காற்றுக் குறைவு, தாறுமாறான தேய்மானம் ஆகியவற்றால் குப்பைக்குப் போகின்றன என்பது மிச்செலின் சொல்லும் கணக்கு. அதைத் தடுத்தால் ரப்பரும் எரிபொருளும் மிச்சம் என்கிறார்கள். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு காலியிடத்திலும் குவிந்து கிடக்கிற பழைய டயர்களைப் பார்க்கிற நமக்கு அது தெரியும்.

மலைப்பாதையில் வைத்துப் பார்த்தால்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். கீழே காலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு மேலே வந்தால் டயருக்குள் என்ன ஆகும்? இரண்டு விஷயம் ஒன்றுக்கொன்று எதிராக நடக்கும். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் மீட்டரில் 2 பி.எஸ்.ஐ. சொச்சம் கூடுதலாகக் காட்டும். மேலே குளிர், 10 டிகிரி குறைந்தால் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். கூட்டிக் கழித்தால் ஓரளவு சமன். ஆனால் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடும், டயர் வளைகிற சூடும் சேர்ந்து காற்றைக் கூட்டும். காற்றில்லா டயருக்கு இந்தக் கணக்கு எதுவுமே கிடையாது. ஏற்றமோ இறக்கமோ, குளிரோ வெயிலோ, ஒரே விறைப்பு. மலைக்கு இது உண்மையான லாபம். இறக்கத்தில், வளைவில், டயர் வெடித்தால் பள்ளத்தாக்குதான் என்கிற பயம் இருக்காது.

நஷ்டப் பக்கமும் இருக்கிறது. ஆரக்கால்களுக்கு நடுவே திறந்த இடைவெளி. தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் மழைக்காலத்தில் பிசினாக ஒட்டுகிற செம்மண்ணும் சரளைக் கல்லும் அதற்குள் போய் அடைந்தால் சக்கரம் ஒரு பக்கம் கனத்து ஆட்டம் கொடுக்கும். தார் ரோட்டில் வேகம் எடுக்கும்போது அந்த ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரியும். கல் மாட்டினால் ஆரக்கால் மடங்குகிற இடத்தில் அறுக்கும். சிங்கப்பூர்த் தெருவில் ஓடியது நம் தோட்டப் பாதையில் ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, சுமை. நம் பிக்கப் காலையில் காலியாக ஏறும், மாலையில் நிறைந்து இறங்கும். காற்று டயரில் பாரத்துக்குத் தக்கபடி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். காற்றில்லா டயரின் விறைப்பை ஆலையிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள். முழுப் பாரத்துக்கு ஏற்ற விறைப்பு வைத்தால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். காலி வண்டிக்கு ஏற்றபடி வைத்தால் பாரம் தாங்காது.

மண் என்ன சொல்லும்?

நமக்கு முக்கியமானது இந்தப் பகுதிதான்.

உயிருள்ள மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம். அந்தத் துளைகளில்தான் காற்றும் தண்ணீரும் வேரும் மண்புழுவும் குடியிருக்கின்றன. சக்கரம் ஏறினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மழைநீர் இறங்குகிற வழி அவைதான். அவை அடைந்தால் மேல் மழை மேலேயே ஓடும். எங்கள் சரிவு நிலத்தில் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். மட்கும் மூடாக்கும் போட்டு மூன்று வருடம் சேர்த்த பொலபொலப்பை, ஈரத்தில் ஒரு நாள் ஓடிய வண்டி கெடுத்துவிட முடியும்.

முன்னே சொன்ன வரியை இப்போது எடுங்கள். டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம்தான். 15 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 30 என்றால் இரண்டு கிலோ. ஒப்பிட்டுப் பாருங்கள்: 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகூட வராது. மாட்டின் குளம்பு அழுத்தம் டயரைவிட அதிகமாகவே வரலாம். ஆனால் அது ஆங்காங்கே படுகிற சின்னத் தடம், ஆழமும் குறைவு. டயரோ நீளத்துக்குத் தொடர்ந்து ஒரு கோடு போட்டு அமுக்கிக்கொண்டே போகிறது.

அதனால்தான் வயலுக்குள் போகும்போது டிராக்டர் டயரின் காற்றைக் குறைப்பது, ரோட்டுக்கு வரும்போது கூட்டுவது என்ற பழக்கம் வெளிநாடுகளில் வந்தது. ஓடிக்கொண்டே காற்றை மாற்றுகிற ஏற்பாடுகூட இருக்கிறது. டயர் ஆலைகளும் அகலமான, குறைந்த காற்றில் ஓடுகிற உழவு டயர்களைச் செய்கின்றன. காற்று டயரின் பெரிய வரம் இது: ஒரே டயர் இரண்டு வேலைக்கு இசைந்து கொடுக்கும். காற்றில்லா டயர் இங்கேதான் தோற்கிறது. ரோட்டுக்கு ஏற்ற விறைப்போடு வயலில் இறங்கினால் மண் நசுங்கும்.

எதிர்காலத்தில் வயலுக்கென்றே மென்மையான, அகலமான தடம் பதிக்கிற காற்றில்லாச் சக்கரம் வரலாம். வந்தாலும் ஒரு விஷயம் மாறாது. மேல் அரை அடியைக் காப்பாற்றுவது டயரின் மென்மை. அதற்கும் கீழே, அடி மண்ணை அமுக்குவது வண்டியின் மொத்தக் கனம். எந்த டயர் மாட்டினாலும் ஐந்து டன் ஐந்து டன்தான். கீழ் மண் இறுகினால் கலப்பை எட்டாது. பல வருடம் ஆழ வேர்விடும் செடிகளை விட்டுத்தான் திறக்க வேண்டும். ஆக, 'எந்த டயர்?' என்ற கேள்விக்கு முன்னால் 'எவ்வளவு கனமான வண்டி? எப்போது இறக்குகிறோம்?' என்ற கேள்வி வர வேண்டும்.

தேய்கிற ரப்பர் எங்கே போகிறது?

டயர் வழுவழுப்பானால் புதுசு மாற்றுகிறோம். தேய்ந்துபோன ரப்பர் எங்கே? தூளாக ரோட்டில். மழை பெய்தால் ரோட்டோரக் கால்வாயில். எங்கள் மலையில் அந்தக் கால்வாய் அடுத்த வளைவில் யாரோ ஒருவருடைய தேயிலைக்குள் இறங்கும், பிறகு ஓடைக்குப் போகும், ஓடை கீழ்நாட்டுக்குப் போகும்.

அந்தத் தூளில் வெறும் ரப்பர் மட்டும் இல்லை. வெயிலிலும் காற்றிலும் டயர் வெடிக்காமல் இருக்க '6பிபிடி' என்ற வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து '6பிபிடி-குவினோன்' ஆக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒவ்வொரு மழைக்கும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. பல வருடம் காரணம் புரியவில்லை. 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு இந்தப் பொருளைக் கையும் களவுமாகப் பிடித்தது. எல்லா மீனையும் அது ஒரே மாதிரி கொல்வதில்லை, இனத்துக்கு இனம் மாறுகிறது. ஆகவே நம் ஓடை மீனுக்கும் அதே கதி என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் டயர்த் தூள் தண்ணீரில் என்ன செய்யும் என்று கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்று ஆகிவிட்டது.

காற்றில்லா டயர் இதை மாற்றாது. தரையில் படுகிற வளையம் அதிலும் ரப்பர்தான். தேயும், தூளாகும். அதே ஆய்வாளர்கள் நமக்குப் பிடித்த ஒரு செய்தியும் சொல்லியிருக்கிறார்கள்: ரோட்டு நீரை மணலும் மட்கும் கலந்த படுகை வழியாக வடியவிட்டபோது அந்த நீரில் மீன்கள் பிழைத்தன. மட்கின் மகிமை!

இத்தோடு பழைய டயர். மாடித்தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் பழைய டயரில் மண் நிரப்பிக் கீரை போடுவது அழகாக இருக்கலாம். டயரில் துத்தநாகம் உட்படப் பல சரக்குகள் இருக்கின்றன. உண்கிற பயிருக்கு அது வேண்டாம். எரிப்பது அதைவிடக் கேடு. காட்டு விலங்கை விரட்டவும் குளிர் காயவும் டயர் கொளுத்துகிற பழக்கத்தை நாம்தான் நிறுத்திக் காட்ட வேண்டும். கழிவு டயரைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்கிற பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைத்து மத்திய அரசு 2022 ஜூலையில் விதி கொண்டுவந்திருக்கிறது. ரப்பர், கண்ணாடி இழை, பிசின், உலோகம் என்று பலதும் ஒட்டிய காற்றில்லா டயரை அப்படிப் பிரித்தெடுப்பது எளிதாக இருக்காது.

பழுது பார்க்கும் வேலை யார் கையில்?

விதையில் நாம் பட்ட பாடு நினைவிருக்கும். மகசூல் கூடும் என்று வந்த விதை, அடுத்த வருடம் எடுத்து வைக்க முடியாத விதையாக இருந்தது. டயரிலும் அந்தக் கேள்வி உண்டு. காற்று டயர் குத்தினால் எந்த முக்கிலும் ஒரு பஞ்சர் கடை உண்டு. ஒரு தொட்டி தண்ணீர், ஒரு ரம்பம், பசை, ஒட்டு. அந்தக் கடைக்காரருக்குக் குடும்பம் நடக்கிறது, நமக்கு வண்டி ஓடுகிறது. லாரி டயரை ரீட்ரெட் செய்து இரண்டாவது ஆயுள் கொடுக்கிற பட்டறைகள் இருக்கின்றன. காற்றில்லா டயரில் ஓர் ஆரக்கால் அறுந்தால் ஊரில் ஒட்ட முடியாது. முழுச் சக்கரமும் ஆலைக்கே திரும்ப வேண்டும். மேலே ரப்பர் தேய்ந்தால் மறுபடி ரப்பர் ஏற்றலாம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஏற்றுவது யார், எங்கே, என்ன விலைக்கு என்பதுதான் நம் கேள்வி.

டயருக்கு நிலமும் வேண்டும் என்பதை நாம் மறக்க முடியாது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் மிச்செலினின் பெரிய ஆலை இருக்கிறது. 2009-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, சிப்காட் வளாகத்தில் வந்தது. அந்த நிலம் ஊர் மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மாடு மேய்த்த மேய்க்காலும் புதர்க்காடும். ஏரிகளுக்குத் தண்ணீர் வந்ததும் அந்தக் காட்டு வழிதான் என்று சொல்லி ஊரார் போராடினார்கள். 2012-ல் தமிழக நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து பிரான்சிலேயே புகார் கொடுத்தன. நிறுவனம் நெறிமுறையை மீறவில்லை, ஆனால் சில விஷயங்களில் மேம்பட வேண்டும் என்ற அளவில் 2013-ல் அங்கே முடிவு சொன்னார்கள். மேய்க்கால் திரும்பவில்லை. அங்கே செய்யத் தொடங்கியது லாரி, பஸ் டயர்கள். காற்றில்லா டயர் அல்ல. ஆனாலும் 'பசுமை டயர்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது அந்த மேய்க்காலும் கணக்கில் வர வேண்டும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

காத்திருப்பதில் தப்பில்லை. காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை இவை.

1. தள்ளுவண்டி, உரம் சுமக்கிற கைவண்டி, தொழுவத்து வண்டி ஆகியவற்றுக்குக் காற்றில்லாச் சின்னச் சக்கரம் இன்றைக்கே நல்லது. வேகம் இல்லை, பாரம் குறைவு, முள் அதிகம். வாங்கலாம்.

2. பிக்கப், டெம்போவுக்கு 'ஏர்லெஸ்' என்று யாராவது விற்க வந்தால் அவசரப்படாதீர்கள். மோட்டார் வண்டியின் காற்று டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். எந்த முத்திரையும் எந்த வண்டி நிறுவனத்தின் ஒப்புதலும் இல்லாத சரக்கை மலைப்பாதையில் மாட்டிப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

3. காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் கூடக் காட்டினால் காற்றை இறக்காதீர்கள். கீழே போய்ச் சேர்ந்து ஆறியதும் குறைந்து நிற்கும்.

4. டிராக்டர், பவர் டில்லருக்கு வயலில் எவ்வளவு காற்று, ரோட்டில் எவ்வளவு என்று டயர் நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். ரோட்டுக் காற்றோடு வயலில் இறங்காதீர்கள். அட்டவணைக்குக் கீழேயும் குறைக்காதீர்கள், டயர் ரிம்மில் வழுக்கும்.

5. வண்டி இறக்கும் முன் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். மண்புழு மாதிரி திரி திரியாக வந்தால் நிலம் இன்னும் ஈரம். இரண்டு நாள் பொறுங்கள். உதிர்ந்தால் இறக்கலாம். எந்தப் புது டயரும் இந்தப் பொறுமைக்கு ஈடாகாது.

6. ஒவ்வொரு முறையும் ஒரே தடத்தில் ஓட்டுங்கள். தடம் இறுகட்டும், மற்ற நிலம் பிழைக்கட்டும். பாத்தி முறையில் காய்கறி போடுகிறவர்கள் இதை ஏற்கெனவே செய்கிறீர்கள்.

7. ரோட்டு நீர் தோட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில் மணலும் மட்கும் கலந்து ஒரு படுகை போட்டு, ஓரத்தில் வெட்டிவேர் வையுங்கள். அந்த நீரை நேராகக் கீரைப் பாத்திக்கோ குடிநீர் ஊற்றுக்கோ விடாதீர்கள்.

8. பழைய டயரை மாற்றும்போது கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் கிடந்தால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு வளரும்.

காற்றில்லா டயர் ஒரு நாள் மலைக்கும் வரும். முதலில் நகரத்து வேன், பிறகு பஸ், பிறகு நம் பிக்கப் என்று வரலாம். ரோட்டு வண்டிக்கு, பள்ளத்தாக்கு ஓரம் டயர் வெடிக்காது என்ற ஒரு காரணத்துக்காகவே நான் அதை வரவேற்பேன். வயலுக்கு மட்டும், இறுக்கிக் குறைக்க முடிகிற காற்று இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகட்டும். அதைவிட நல்லது, வண்டி இறங்காத நிலம். எங்கள் சரிவுகளில் முதுகில் சுமந்து இறக்கியே தேயிலை எடுக்கிறோம். கஷ்டம்தான், ஆனால் மண்வெட்டி போட்டால் இன்னும் பொலபொலவென்று விழுகிற மண் அங்கேதான் இருக்கிறது.